மடிக்கணினி திடீர்னு திறக்கலையா? மீட்பு தம்ப் டிரைவை இப்பவே செஞ்சு வையுங்க!

நாளை காலை 9 மணிக்குள் அசைன்மெண்ட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். இரவு மடிக்கணினியைத் திறந்தால் நீலத் திரை. அணைத்துவிட்டுத் திறந்தாலும் அதே நீலத் திரை.

"அவ்வளவுதான், எல்லாம் போச்சு!" என்று தோன்றும். பெரும்பாலும் போயிருக்காது. விண்டோஸ் இயங்குதளம் பழுதானால் அதை மீண்டும் நிறுவலாம். ஆனால் அதற்கு வேண்டியதை, கணினி நல்லா இருக்கும்போதே தயார் செய்து வைத்திருப்பது நல்லது.

எப்படி?

மீட்பு டிஸ்க் எதுக்கு?

விண்டோஸ் 7 காலத்தில் பல நிறுவனங்கள் மடிக்கணினியோடு விண்டோஸ் டிஸ்க் தரவில்லை. மீட்புக் கோப்புகளை ஹார்ட் டிஸ்க்கின் தனிப் பகுதியில் வைத்தன. வாங்கியவர்தான் அவற்றை டிவிடிகளில் எழுதி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாதவர்களுக்கு ஹார்ட் டிஸ்க் கெட்டபோது மீட்புப் பகுதியும் சேர்ந்தே போனது.

இன்றும் அதே கதைதான். மீட்பு வசதி கணினிக்குள்ளேயே இருக்கிறது. கணினிக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும். டிவிடிக்குப் பதில் இப்போது தம்ப் டிரைவ், அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு வகை உண்டு

- ரிகவரி டிரைவ்: விண்டோஸின் தேடல் கட்டத்தில் இந்தப் பெயரைத் தட்டினால் வரும். உங்கள் கணினியில் உள்ள விண்டோஸ் கோப்புகளை எடுத்து எழுதும். குறைந்தது 16 ஜிபி தம்ப் டிரைவ் தேவை. 32 ஜிபி இருந்தால் கவலையில்லை. நேரம் பிடிக்கும், அவசரப்படாதீங்க. ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகச் செய்வது நல்லது.

- மீடியா கிரியேஷன் டூல்: மைக்ரோசாஃப்ட்டின் இணையத்தளத்தில் இலவசம். 8 ஜிபி தம்ப் டிரைவ் போதும். உங்கள் கணினி ஏற்கெனவே படுத்துவிட்டதா? நண்பரின் கணினியிலும் இதைச் செய்யலாம்.

கவனிக்க: இரண்டுமே தம்ப் டிரைவில் ஏற்கெனவே இருப்பதை அழித்துவிடும். இரண்டிலும் உங்கள் படங்களோ பாடக் குறிப்புகளோ சேமிக்கப்படாது. அவற்றுக்குத் தனியாகக் காப்புநகல் எடுக்க வேண்டும்.

பலர் மறக்கும் 48 எண்கள்

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் கோப்புகள் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் எனும் பாதுகாப்பு அது. கணினி பழுதாகும்போது 48 இலக்க மீட்புச் சாவியை அது கேட்கக்கூடும். அந்தச் சாவி இல்லையென்றால் உள்ளே இருக்கும் கோப்புகளைப் பழுதுபார்க்கும் கடைக்காரராலும் எடுக்க முடியாது.

பெரும்பாலும் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். இப்போதே கைத்தொலைபேசியில் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதே மடிக்கணினிக்குள் மட்டும் சேமித்து வைத்தால் பயனில்லை!

மீண்டும் நிறுவுவது எப்படி?

1. சார்ஜரைப் பொருத்துங்கள். பாதியில் மின்சாரம் நின்றால் சிக்கல்.

2. முதலில் 'ரீசெட்' வசதியை முயலுங்கள். விண்டோஸ் 11 திறந்தால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்று போகலாம். கடவுச்சொல் கேட்கும் திரை வரை மட்டும் வந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட்டைத் தேர்ந்தெடுங்கள்.

3. 'கீப் மை ஃபைல்ஸ்' என்றால் உங்கள் கோப்புகள் இருக்கும், நீங்கள் நிறுவிய செயலிகள் போய்விடும். 'ரிமூவ் எவ்ரிதிங்' என்றால் எல்லாமே போய்விடும். 'கிளவுட் டவுன்லோட்' சுமார் 4 ஜிபி தரவை இழுக்கும், வைஃபையில் செய்யுங்கள்.

4. அதுவும் வேலை செய்யவில்லையா? இப்போதுதான் தம்ப் டிரைவ். அதைச் செருகி, கணினியைத் திறக்கும்போது தொடக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.

5. மீடியா கிரியேஷன் டூல் வழியாக நிறுவும்போது விண்டோஸ் சாவி கேட்டால் பதறவேண்டாம். அதே கணினியில் அதே வகை விண்டோஸ் என்றால், சாவி இல்லை என்று சொல்லித் தொடரலாம். இணையத்தில் இணைந்ததும் உரிமம் பொதுவாகத் தானாகச் சரியாகிவிடும்.

ஒரு சின்ன டிப்ஸ்: நிறுவிய பிறகு சில கணினிகளில் வைஃபை வேலை செய்யாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரை முன்னரே பதிவிறக்கி, இன்னொரு தம்ப் டிரைவில் வைத்திருங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது?

- பள்ளி அல்லது அலுவலகம் நிர்வகிக்கும் கணினி என்றால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். அவர்கள் போட்ட செயலிகளும் அமைப்புகளும் அழிந்துபோகலாம்.

- ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' சத்தமா? சேமிப்பகமே திரையில் தெரியவில்லையா? அது விண்டோஸ் கோளாறாக இருக்காது. முக்கியக் கோப்புகள் இருந்தால் அணைத்துவிட்டு நிபுணரிடம் கொண்டுபோங்கள். அதன் மேல் விண்டோஸை எழுதினால் இருப்பதும் போய்விடலாம்.

- இன்னமும் விண்டோஸ் 10தானா? அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. எப்படியும் மீண்டும் நிறுவுவதென்றால், உங்கள் கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று முதலில் பாருங்கள்.

இந்த வார இறுதியில் ஒரு பிற்பகல் ஒதுக்குங்கள். கோப்புகளுக்குக் காப்புநகல், 48 இலக்கச் சாவி, மீட்பு தம்ப் டிரைவ். மூன்றும் தயாரா? தம்ப் டிரைவில் பெயரெழுதி ஒட்டி மேசை இழுப்பறையில் போட்டுவிடுங்கள். அடுத்த தடவை நீலத் திரை வந்தால், தேடிக்கிட்டு இருக்க வேண்டியதில்லை.