நிறம் மாறிய மந்திரவாதி

உங்களுக்கும் இது நடந்திருக்கும். ராத்திரி கண் விழித்துப் படித்த நாவல். அதன் ஹீரோ எப்படி நடப்பான், எப்படிச் சிரிப்பான் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஒருநாள் அது படமாக வருகிறது. முதல் ஆளாகப் போய் உட்காருகிறீர்கள். பத்தே நிமிஷம்... 'அட, இது அவன் இல்லையே!' என்று மனசு அலறுகிறது.

படித்தவருக்கே இப்படி என்றால், எழுதியவருக்கு?

2004 டிசம்பர் 13, 14 தேதிகளில் அமெரிக்காவின் சை-ஃபை சேனலில் இரண்டு பகுதிகளாக ஒரு மாயாஜாலக் கதை ஒளிபரப்பானது. 'எர்த்ஸீ' நாவல்களில் முதல் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து எடுத்த தொடர். நாவலாசிரியை உர்சுலா லெ குவினுக்கு அப்போது வயது 75. ஒளிபரப்பு முடிந்த இரண்டாம் நாள் 'ஸ்லேட்' என்ற இணைய இதழில் அவருடைய கட்டுரை வந்தது. சாராம்சம் இதுதான்: என் கதைக்கு வெள்ளையடித்துவிட்டார்கள்!

வெள்ளையடிப்பு என்று அவர் சொன்னது உவமை இல்லை. நிஜமாகவே தோலின் நிறம்.

கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம்.

உர்சுலாவின் அப்பா ஆல்ஃப்ரெட் குரோபர், கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற மானுடவியல் அறிஞர். 1911-ல் அங்கே காட்டுப் பக்கமிருந்து ஒரு மனுஷன் தன்னந்தனியாக வெளியே வந்தார். 'யாஹி' என்ற செவ்விந்திய இனத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள். மற்றவர்கள்? குடியேறிய வெள்ளையர்களின் துப்பாக்கிக்கும் நோய்க்கும் பட்டினிக்கும் பலி. குரோபரும் சகாக்களும் அவரை அழைத்துவந்து மியூசியத்தில் தங்கவைத்தார்கள். பெயர் கேட்டால் சொல்லமாட்டேன் என்றார். சொந்தப் பெயரைத் தன் வாயால் சொல்வது அவர்கள் வழக்கத்தில் இல்லை. குரோபர்தான் 'இஷி' என்று கூப்பிட ஆரம்பித்தார். 'மனிதன்' என்று அர்த்தம். நிஜப் பெயரைக் கடைசிவரை சொல்லாமலே 1916-ல் இஷி இறந்துபோனார்.

உர்சுலா பிறந்தது 1929-ல். இஷியைப் பார்த்ததில்லை. ஆனால் அவர் அம்மா தியோடோரா, இஷியின் வாழ்க்கையை எழுதி 1961-ல் புத்தகமாக்கினார். ஆக, அழிக்கப்பட்ட மக்களின் கதை அந்த வீட்டுக்கு அந்நியமில்லை.

1968-ல் உர்சுலாவின் 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ' வெளியானது. நூற்றுக்கணக்கான தீவுகள் கொண்ட ஓர் உலகம். அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். ஊர் கூப்பிட ஒன்று. உயிருக்கு உயிரானவர்களிடம் மட்டுமே சொல்லும் நிஜப் பெயர் இன்னொன்று. நிஜப் பெயர் தெரிந்தால் உங்களை ஆட்டிவைக்கலாம். இஷி ஞாபகம் வருகிறதா? அவரைப் பார்த்துத்தான் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. எனக்கு ஞாபகம் வராமல் இருந்ததில்லை.

நாயகனை ஊர் கூப்பிடுவது 'ஸ்பேரோஹாக்'. நிஜப் பெயர் 'கெட்'. ஆடு மேய்க்கும் பையன், பெரிய மந்திரவாதி ஆகிறான். வீண் ஜம்பத்தில் ஒரு கரிய நிழலை அவிழ்த்து விட்டுவிடுகிறான். அது துரத்துகிறது. இவன் ஓடுகிறான். கடைசியில் திரும்பி நின்று அதற்குத் தன் பெயரையே சூட்டுகிறான். அவ்வளவுதான் கதை. பெரும் போர் இல்லை. எதிரி வெளியே இல்லை, உள்ளே இருக்கிறான்.

அந்தக் காலத்து மாயாஜாலக் கதைகளில் வீரன் என்றால் வெள்ளை. கறுப்பு என்றால் வில்லன் கோஷ்டி. உர்சுலா அதைத் தலைகீழாக்கினார். கெட் செம்பழுப்பு நிறம். ஆருயிர் நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. கொள்ளையடிக்க வரும் கார்கு இனத்தவர்தான் வெள்ளை! அதையும் முதல் பக்கத்திலேயே தண்டோரா போடவில்லை. வெள்ளைக்காரக் குழந்தைகள் முதலில் கெட்டோடு ஒட்டிக்கொள்ளட்டும், நிறம் அப்புறம் மெல்லத் தெரியட்டும் என்று திட்டம் போட்டே எழுதினார். புத்தகத்தின் அட்டைகளில் வெளிறிய நிறத்தில் நாயகனை வரைந்த பதிப்பாளர்களோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்.

இப்போது 2004-க்கு வாருங்கள். தொடரில் கெட்டாக நடித்தவர் ஷான் ஆஷ்மோர் என்ற வெள்ளை இளைஞர். குரு ஓஜியனாக டேனி குளோவர் என்ற அருமையான கறுப்பின நடிகர் வந்தார். சுற்றிலும் பெரும்பாலும் வெள்ளை முகங்கள். வேடிக்கை என்னவென்றால், கதைப்படி வெள்ளைத் தோல் கொண்ட நாயகி டெனாராக நடித்த கிறிஸ்டின் குரூக் தாய்வழியில் சீன வம்சாவளி! இன்னொரு கூத்து, 'கெட்' கூப்பிடும் பெயராகவும், 'ஸ்பேரோஹாக்' நிஜப் பெயராகவும் மாறியிருந்தது. போர் வந்தது. சாகாவரம் கேட்கும் ராஜா வந்தான். நாவலில் இல்லாத காதலும் வந்தது.

கையெழுத்துப் போட்டவர் அவர்தானே என்று கேட்பீர்கள். உண்மை. ஒப்பந்தத்தில் அவர் 'ஆலோசகர்'. ஆனால் ஆலோசகரிடம் ஆலோசனை கேட்டே தீரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. கேட்கவும் இல்லை. அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தார். ஆசிரியையின் நோக்கம் இன்னது என்று டைரக்டர் ஒரு பத்திரிகையில் விளக்கம் சொன்ன பிறகுதான் பொங்கினார்.

நிறத்துக்கா இவ்வளவு கோபம்? காரணம் இருந்தது. மாயாஜாலக் கதையில் எங்கள் நிறத்தில் ஒரு நாயகனை உங்கள் புத்தகத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தோம் என்று அவருக்கு எழுதிய வாசகர்கள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் டி.வி. முன்னால் ஆசையாக உட்கார்ந்தால் என்ன தெரிந்திருக்கும்? வழக்கமான அதே முகம். கிடைத்த ஒரே நாயகனும் போச்சு.

அடுத்து ஜப்பான். ஹயாவோ மியாஸாகி 1980-களிலேயே படமெடுக்க அனுமதி கேட்டார். கார்ட்டூன் என்றால் டிஸ்னி மாதிரிதானே என்று உர்சுலா மறுத்துவிட்டார். பிற்பாடு மியாஸாகியின் 'டோட்டோரோ'வைப் பார்த்துச் சொக்கிப்போய், சரி என்றார். ஆனால் படத்தை இயக்கியது மகன் கோரோ. அவருக்கு அதுதான் முதல் படம். 2006-ல் வெளியானது. நாவலில் அப்பாவின் ஆசியோடு புறப்படும் இளவரசன், படத்தில் அப்பாவைக் கத்தியால் குத்திவிட்டு ஓடுகிறான்! எப்படி இருக்கிறது என்று கோரோ கேட்டபோது உர்சுலா பக்குவமாகச் சொன்னார்: இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம். பாராட்டா, பெருமூச்சா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

2018 ஜனவரி 22-ல், 88 வயதில் உர்சுலா காலமானார். அதே வருஷம் அக்டோபரில் எர்த்ஸீ கதைகள் மொத்தமும் ஒரே தடிமனான தொகுதியாக வந்தன. முதல் நாவலுக்கு 50 வயது. சார்லஸ் வெஸ் வரைந்த படங்கள். வருஷக்கணக்கில் உர்சுலாவிடம் காட்டிக் காட்டி, திருத்தித் திருத்தி வரைந்தவை.

அதில் கெட் எந்த நிறம் தெரியுமா? 1968-ல் உர்சுலா எழுதிய அதே செம்பழுப்பு. அச்சான அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்கத்தான் அவர் இல்லை.