ஏழில் ஒன்று

கணினிப் புழு என்றதும் உயிருள்ள பூச்சியொன்றை எண்ணற்க. தன்னைத் தானே படியெடுத்து, வலையமைப்பின் வழியே கணினி விட்டுக் கணினி செல்லும் கட்டளைத் தொகுதியே அது. 1988 நவம்பர் 2ஆந் திகதி, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் றொபேட் மொறிஸ் அத்தகைய புழுவொன்றை, தம் இருப்பிடம் புலப்படாதிருக்க, மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துக் கணினியொன்றிலிருந்து ஏவினார்.

மின்னஞ்சற் செயலியில் சோதனைக்கென விடப்பட்ட வழி, எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள், ஒரு கணினி மற்றொன்றை நம்பி உள்ளே விடும் வழக்கம் என அதற்கு வாயில்கள் பல இருந்தன.

புகுந்த இடத்தில் அது எதனையும் அழிக்கவில்லை. பின் கணினிகள் முடங்கியது எவ்வாறு? 'முன்னரே இங்கு நான் உளனோ?' என வினவி, 'ஆம்' என விடை வரின் ஒதுங்குமாறே புழு ஆக்கப்பட்டிருந்தது. ஆயினும், பொய்யாக 'ஆம்' என்று கூறித் தடுத்துவிடுவரோ என ஐயுற்ற மொறிஸ், ஏழு தடவைக்கு ஒரு தடவை அவ்விடையைப் பொருட்படுத்தாதிருக்க விதித்தார். அவ்வெண்ணே வினையாயிற்று. ஒரே கணினியிற் படிகள் மேன்மேலும் குவிந்து, வேறெப்பணிக்கும் இடமில்லாது செய்தன. அன்று இணையத்திலிருந்தவை சுமார் 60,000 கணினிகள். அவற்றுள் 6,000 தாக்குண்டன என மதிப்பிட்டனர்.

1990இல் நீதிமன்றம் அவருக்கு 400 மணி நேரச் சமூக சேவையும் 10,050 டொலர் தண்டமும் மூவாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தது. பின்னாளில், புழுவை ஏவிய அதே நிறுவனத்தில் அவர் பேராசிரியரானார்.