கல்லும் எழுத்தும்: புதுச்சேரியின் பொதுவெளிச் சின்னங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு நகரின் வரலாற்றை அறிய ஆவணங்கள் துணைபுரிவது போலவே, அதன் பொதுவெளியில் நிற்கும் சிலைகளும் மண்டபங்களும் துணைபுரிகின்றன. எனினும் சின்னங்கள் நடந்தவற்றை முழுமையாகச் சொல்வதில்லை. நிறுவியோர் சொல்ல விரும்பியதையே முதன்மையாகச் சொல்கின்றன. 1674இல் பிரெஞ்சு வணிகக் குழுவினர் காலூன்றிய புதுச்சேரி, இடையிடையே பிறர் வசம் சென்றமை நீங்கலாக, 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆளுகையில் இருந்தது. அந்நகரில் யார் உருவமாக நினைக்கப்படுகின்றனர், யார் பெயராக மட்டும் எஞ்சுகின்றனர் என்னும் வினாவை முன்வைத்துச் சில சின்னங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆயி மண்டபம்

பாரதி பூங்காவின் நடுவே நிற்கும் ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக் காலத்தில் (1852–1870) எழுப்பப்பட்டது. முத்திரைப்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொணரப்பட்டதன் நினைவாக அமைந்தது இது. இதனோடு ஒரு வாய்மொழிக் கதை பிணைந்துள்ளது. விளக்கொளியில் பொலிந்த தாசி ஆயியின் மாளிகையைக் கோயிலெனக் கருதி விசயநகர மன்னர் வணங்கினார். உண்மை அறிந்து சினந்து அதனை இடிக்க ஆணையிட்டார். ஆயி தானே அதனை இடித்து, அவ்விடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்டுவித்தாள் என்பது அக்கதை.

இக்கதையின் காலமும் மெய்ம்மையும் தனியே ஆராயத்தக்கன. ஆயினும் குளம் தொட்டு வளம் பெருக்குதலைப் பேரறமாகப் போற்றும் தமிழ் மரபே இதன் அடித்தளம் என்பது தெளிவு. மண்டபத்தின் தூண்கள் கிரேக்க, உரோமானியப் பாணியின. பெயரோ தமிழ்ப் பெண்ணுடையது. அயலாட்சியின் நீர்த்திட்டம் மண்ணின் கதையொன்றைச் சார்ந்தே மக்கள் மனத்தில் நிலைபெற்றது எனலாம். இன்று இம்மண்டபம் புதுச்சேரி அரசின் இலச்சினையாகவும் விளங்குகிறது.

டூப்ளேயும் ஆனந்தரங்கரும்

1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்த டூப்ளேக்கு 1870இல் சிலை எடுக்கப்பட்டது. அது இப்போது கடற்கரைச் சாலையின் தென்பகுதியில் நிற்கிறது. வெற்றி வீரராக அவரைக் காட்டும் இச்சிலை, ஆங்கிலேயர் முற்றுகையிட்ட 1748ஆம் ஆண்டில் அவர் ஆட்சியில் நிகழ்ந்ததைச் சொல்வதில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதையும், அதனால் நகரத் தமிழர் உற்ற துயரையும் பதிவு செய்தது அவருடைய துபாசி ஆனந்தரங்கப் பிள்ளையின் (1709–1761) நாட்குறிப்பேயாகும்.

டூப்ளேயின் நம்பிக்கைக்குரியவராக இருந்தும் பிள்ளை இதனை மறைக்கவில்லை என்பது நோக்கத்தக்கது. 1736இல் தொடங்கிய அந்நாட்குறிப்பு 1846இல் வெளிச்சத்திற்கு வந்தது. 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. 1761 சனவரியில், நகர் ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு, பிள்ளை மறைந்தார். வென்றவர்கள் அந்நகரைத் தரைமட்டமாக்கினர். பிள்ளையின் பெயர் தாங்கிய தெருவில் நிற்கும் அவரது மாளிகையில் கீழ்த்தளம் மரத்தூண்களுடன் தமிழ் மரபிலும், மேல்தளம் ஐரோப்பிய மரபிலும் அமைந்துள்ளன. இரு உலகங்களுக்கிடையே வாழ்ந்தவரின் நிலையை அவ்வீடே உணர்த்துகிறது.

கடற்கரைச் சின்னங்கள்

முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கான நினைவகம் 1938இல் திறக்கப்பட்டது. அதற்கு அண்மையில் நிற்கும் காந்தியடிகள் சிலை, சென்னை மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் படைப்பாகும். சிலையைச் சூழ்ந்துள்ள சிற்பத் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என வழங்கப்படுகிறது. செஞ்சிக் கோட்டை 1750இல் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. வழக்கை ஏற்பின், போரில் வென்றோர் பெயர்த்து வந்த கற்கள் அறப்போராளிக்கு அரணாக மாறியுள்ளன என்பது பெறப்படும். சின்னத்தின் பொருள் நிலையானதன்று. காலந்தோறும் மாறுவது என்பதற்கு இது தக்க சான்று.

கீழூர்

நகருக்கு மேற்கே உள்ள சிற்றூரான கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல் நிறைவேறியது. நகரின் எதிர்காலத்தை முடிவு செய்த அவ்விடத்தில் ஒரு நினைவிடம் உண்டு. ஆளுநரின் சிலை கடற்கரையில் நிற்க, மக்களின் முடிவைச் சொல்லும் சின்னம் நகர்வலம் வருவோர் கண்ணில் படாத தொலைவில் இருக்கிறது.

முடிவுரை

கல்லும் அழியக்கூடியதே. பத்தொன்பதாம் நூற்றாண்டு நகர்மன்றக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. இன்று நிற்பது அதன் பழைய வடிவில் மீளக் கட்டப்பட்டதாகும். கட்டடத்தை மீண்டும் எழுப்பிவிடலாம். அதனைச் சூழ்ந்த வழக்காறுகளை அவ்வாறு எழுப்ப இயலாது. டூப்ளேயின் சிலை சொல்லாததை நாட்குறிப்பு சொல்கிறது. ஆயிக்குச் சிலை இல்லாத குறையைக் கதை நிறைக்கிறது. ஆகவே சின்னங்களைத் தமிழ் எழுத்தோடும் வாய்மொழி வழக்கோடும் இணைத்துக் கற்பதே முறையான ஆய்வாகும். ஆயி கதையின் வேறுபட்ட வடிவங்களும் தெருப்பெயர்களின் வரலாறும், அவற்றைச் சொல்லவல்ல முதியோர் உள்ளபோதே தொகுக்கப்பெற வேண்டும்.