காந்தளும் தோன்றியும்: ஒரு நச்சுக்கொடியின் பெயர் வரலாறு

பழவேற்காட்டு ஏரியை அடுத்த மீனவர் ஊர்களுள் ஒன்று கோட்டைக்குப்பம். அப்பெயரில் உள்ள கோட்டை என்னும் சொல், 1613 ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் நிறுவிய கெல்டிரியாக் கோட்டையை நினைவூட்டுகிறது. துணி வணிகத்தின்பொருட்டு இக்கரைக்கு வந்த ஒல்லாந்தர், மேலைக்கரையில் செடிகொடிகளின் பெயர்களையும் எழுதிவைத்தனர். கொச்சியில் ஆளுநராயிருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஓர்ட்டசு மலபாரிக்கசு' என்னும் நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. 1688 இல் வந்த ஏழாம் தொகுதியில் 'மேந்தோன்னி' என்னும் பெயரோடு ஒரு கொடியின் ஓவியம் உள்ளது. அக்கொடி நம் செங்காந்தளே.

இப்பெயர் தமிழாராய்ச்சிக்குத் துணை செய்வது. தமிழில் 'ன்ற' என வருவது மலையாளத்தில் 'ன்ன' என வருதல் இயல்பு. ஒன்று என்பது ஒன்னு எனவும், கன்று என்பது கன்னு எனவும் அங்கு வழங்கும். ஆகவே, மேந்தோன்னியில் உள்ளது தோன்றி என்னும் பழஞ்சொல்லே எனலாம். குறிஞ்சிப்பாட்டோ காந்தளை மலர்வரிசையின் தொடக்கத்திலும் தோன்றியைப் பின்னரும் தனித்தனியே எண்ணுகிறது. இவை இரு கொடிகளா, ஒரு கொடியின் இரு பெயர்களா? இம்மலர் பசுமை கலந்த மஞ்சளாய் விரிந்து, நாள் செல்லச் செல்லச் செந்நிறம் பெறும். நிறவேறுபாடு பற்றி இரு பெயர்கள் எழுந்திருத்தல் கூடும். எனினும், வேறெனக் கொள்வாரை மறுக்க இஃதொன்றே போதிய சான்றாகாது.

புலவர் போற்றியது பூவை. உழவரும் மருத்துவரும் கருத்தூன்றியது கிழங்கை. சான்றோர் இம்மலரை மகளிர் விரலுக்கு உவமையாக்கினர், முருகனுக்கு உரியதாக்கினர். தொல்காப்பியர் வெறியாட்டினைக் காந்தள் என்றே குறித்தார். நாட்டு வழக்கோ, கிழங்கின் வடிவு நோக்கிக் கலப்பைக்கிழங்கு என்றது. வடமொழியார் 'அக்கினிசிகை' என அழகையும், 'கர்ப்பகாதினி' எனக் கருவழிக்கும் கொடுமையையும் ஒரு கொடிக்கே பெயராக்கினர்.

அக்கொடுமைக்குக் காரணம் கொல்கிசின் என்னும் நஞ்சு. அஃது உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதைத் தடுப்பது. உண்டவர்க்குச் சில மணி நேரத்தில் வாந்தியும் கழிச்சலும் தோன்றும். பின்னர் உள்ளுறுப்புகள் செயலிழக்கும். பிழைத்தவர்க்கும் தலைமயிர் உதிரும். இலங்கையில் வற்றாளைக் கிழங்கென மயங்கி இதனை உண்டு இடருற்றோர் உண்டு. அந்நஞ்சே அளவறிந்து கொடுக்கப்படின் கீல்வாத நோய்க்கு மருந்தாகிறது. அதன்பொருட்டு மூலனூர், ஒட்டன்சத்திரம் ஆகிய பகுதிகளில் விதைக்காகவே இது பயிரிடப்படுகிறது. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே.

ஆதலின், இப்பெயராராய்ச்சி சொல்லளவில் நின்றுவிடுவதன்று. பெயர் மயங்கினால் பாட்டின் பொருள் கெடும். கிழங்கு மயங்கினால் உயிர் கெடும். சங்க நூற்குக் குறிப்பெழுதுவோர் காந்தள் என்னுமிடத்து 'ஒருவகைப் பூ' என்று எழுதி அமையாது, கலப்பைக்கிழங்கு என்னும் பெயரையும் அதன் நச்சியல்பையும் உடன் எழுதுதல் வேண்டும். பூவை மட்டும் அறிந்து கிழங்கை அறியாத புலமை குறைபாடுடையதே.