அரண்மனையிலிருந்து வகுப்பறைக்கு

ஒரு தட்டில் நான்கு ரம்புத்தான் பழங்கள். அருகே ஒரு மண்கூசா. இவற்றைக் கண்டவாறே எண்ணெய் வண்ணத்தில் தீட்டுதல் மாணவர்க்குரிய எளிய பயிற்சியாகத் தோன்றும். ஆயின், இக்கலை மாணவர் கைக்கு எட்டிய வரலாறு எளியதன்று.

எண்ணெய் வண்ணம் நீர்வண்ணம்போல் விரைந்து உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று மெல்ல மெல்ல இறுகும். ஆதலின், ஓவியன் ஒளியையும் நிழலையும் பொறுமையாக இழைத்துப் பழத்தின் உருட்சியையும் கூசாவின் பளபளப்பையும் கொணரலாம். கீழடுக்கில் எண்ணெய் குறைந்தும் மேலடுக்கில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். முறை மாறின் நாளடைவில் வண்ணம் வெடிக்கும். இத்தகு நுட்பங்களை அறிந்தோர் அந்நாளில் அவற்றைப் பிறர்க்கு எளிதில் உரைத்தாரல்லர்.

இளமையில் திருவிதாங்கூர் அரண்மனையை அடைந்த இரவிவர்மா (1848–1906) இதனை நேரிற் கண்டார். அரண்மனை ஓவியரான மதுரை இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்தார். 1868-இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். நாயக்கரின் மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளையே ஆசிரியர் அறியாமல் துணைபுரிந்தார் என்பர்.

ஜொகூரிலும் இக்கலைக்கு அரண்மனை ஆதரவு நல்கியது. இலங்கையில் பிறந்த ஓ. டான் பெரிஸ், சுல்தான் இப்ராகிமின் அரண்மனை ஓவியராக விளங்கினார். தம் மனைவியை மணக்கோலத்தில் அவர் 1933-இல் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம், நம் நாட்டுத் தேசியக் கலைக்கூடத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

அரண்மனை வாயிலைக் கடந்து இக்கலை வகுப்பறைக்கு வந்ததற்கு நீரிணைக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. 1938-இல் லிம் ஹாக் டாய் முதல்வராக இருக்க, சிங்கப்பூரில் நன்யாங் நுண்கலைக் கழகம் தோன்றியது. ஒளித்து வைத்த வித்தை பாடமாயிற்று. அங்கு 1954 முதல் 1980 வரை கற்பித்த ஜார்ஜெட் சென், பாரிசிலும் நியூயார்க்கிலும் பயின்றவர். எனினும், நம் சந்தைகளில் குவியும் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் அவர்தம் கித்தானில் பெருமையுடன் வீற்றிருந்தன. அயலகத்துக் கருவியால் நம் மண்ணின் கனியை உள்ளவாறே காட்டலாம் என்பதை அவர் மாணவர் கண்டனர்.

இரவிவர்மாவின் புகழ் உலகறிந்தது. ஆறுமுகம் பிள்ளைக்கோ வரலாற்றில் ஒரு வரியே கிடைத்தது. ஆயினும், மறைவில் நின்று அவர் காட்டிய வழியையே இன்று ஆசிரியர் வகுப்பறையில் வெளிப்படையாகக் காட்டுகின்றனர். மறைத்த கலை மறைத்தவரோடு முடியும். கொடுத்த கலையே மாணவர் கையில் வாழும்.