தழும்பின் மேல் ஏற்றிய நிறம்

இயல்பான தோலின் நிறத்தை ஒத்த நிறமியை ஊசியால் உட்செலுத்தி, தழும்பையும் நிறம் மாறிய தோலையும் மறைக்கும் முறை இன்று அழகு நிலையங்களின் பணியாக அறியப்பட்டாலும், அதை வளர்த்தெடுத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவர்களே. அவர்கள் முதலில் மறைக்க முயன்றது கண்ணின் தழும்பை. கருவிழியின் மீதுள்ள ஒளி ஊடுருவும் படலத்தில் புண் ஆறியபின் வெள்ளையாகத் தங்கிவிடும் பூவைச் சூட்டுக்கோலால் தீய்த்து, மாசிக்காய்த் தூளும் இரும்பும் சேர்ந்த கலவையைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் மருத்துவர் கேலன் பூசியதாக மருத்துவ வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மாசிக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடினால் கருமை பிறக்கும் என்பதோ, எழுத்து மை காய்ச்சியோர் நன்கறிந்த செய்தி. போன பார்வை இதனால் மீளாது. பார்ப்பவர் கண்ணுக்குப் பூ தெரியாமற் போகும், அவ்வளவே. 1870 அளவில் பாரிசில் லூயி தெ வெக்கர் சீன மையைப் படலத்தின் மேல் தடவி, பள்ளம் கொண்ட ஊசியால் சாய்வாகக் குத்தி உட்செலுத்தியபோது இம்முறை புதுவாழ்வு பெற்றது.

தோலைப் பொறுத்தவரை, 1835இல் பவுலி என்ற ஜெர்மானிய மருத்துவர், பிறவியிலேயே தோன்றும் செந்நீல மறுக்களின் மீது சாதிலிங்கத்தையும் ஈய வெள்ளையையும் பல சாயல்களில் கலந்து குத்தினார். ஒன்று பாதரசச் சேர்மம், மற்றது ஈயச் சேர்மம். இன்று எவரும் துணியாத கலவை. ஆயினும் சுற்றியுள்ள தோலோடு பொருந்துமாறு சாயங்களைக் கலக்கவேண்டும் என்ற கருத்து இங்கேயே உருப்பெற்றுவிட்டது.

கருத்து எளிது, நிறைவேற்றம் அரிது. ஊசி நிறமியை வைப்பது மேல்தோலுக்குக் கீழேயுள்ள அடித்தோலில் என்பதால், அந்த நிறம் உயிருள்ள மேல்தோலின் வழியாகவே வெளித்தெரிகிறது; கரியைக் குத்தினால் நீலமும் பச்சையும் கலந்த சாயல் தோன்றுவது இதனாலேதான். மேலும், தோலின் நிறம் இரத்த ஓட்டத்தாலும் வெயிலாலும் மாறிக்கொண்டே இருக்க, குத்திய நிறமி அம்மாற்றங்களைப் பின்தொடர்வதில்லை.

இரண்டாம் உலகப் போரில் முகம் கருகியும் சிதைந்தும் திரும்பிய வீரர்கள் இச்சிக்கலை அறுவை மருத்துவர்களின் முன் வைத்தனர். தொடையிலிருந்தோ வயிற்றிலிருந்தோ எடுத்து முகத்தில் பொருத்தும் தோல் ஒட்டு, குறை ஏதுமின்றிப் பற்றிக்கொண்டாலும், இரத்த நாளங்கள் மிகுந்து செம்மையோடிய முகத் தோலின் நடுவே வெளிறியோ பழுப்பேறியோ தனித்துத் தெரிந்தது. அதாவது, அறுவை வென்றும் முகம் மீளவில்லை. ஜேம்ஸ் பாரெட் பிரவுன், லூயிஸ் பயர்ஸ், ஃபிராங்க் மெக்டவல் முதலிய அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர்கள், நிலையான நிறமிகளைச் செலுத்தி ஒட்டின் நிறத்தைச் சுற்றுத்தோலோடு பொருத்தும் முறையை 1944இல் கட்டுரையாக வெளியிட்டனர். ஓவியர்க்குரிய கண்ணை மருத்துவரிடம் கோரிய இம்முயற்சியே இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம் எனலாம்.

அதே வழியில் நியூயார்க்கின் ஹெர்பர்ட் கான்வே, 1940களின் பிற்பகுதியில், முகத்தில் நாளங்கள் விரிந்து உண்டாகும் சிவந்த மறுக்களை ஒளி புகா நிறமியால் மூட முற்பட்டார். பின்னர், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப்பின் மீட்டமைத்த மார்பில் காம்பைச் சூழ்ந்த கருவட்டத்தை வரைவதற்கும், 1980களின் இறுதியில் வெண்புள்ளி படிந்த உதடுகளுக்கும் இம்முறை பயன்பட்டது. காம்பு வட்டத்திலும் உதட்டிலும் இது சிறந்தது. விரிந்த வெண்புள்ளிகளில் அத்துணைச் சிறக்கவில்லை, ஏனெனில் புள்ளி பரவினால் குத்திய நிறத்தின் எல்லையில் புதிய வெண்மை தோன்றும், ஊசிக் காயமே புதிய புள்ளியைத் தூண்டுவதும் உண்டு.

சிவந்த மறுக்களுக்கு இரத்த நாளங்களையே குறிவைக்கும் சாய லேசர் 1980களில் வந்தபின், நிறமி ஏற்றுவதற்கு அங்கே வேலை குறைந்தது. ஆனால் தோல் நிறக் கலவைகளில் பெரிதும் சேரும் இரும்பு ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் லேசர் ஒளி பட்டால் வேதி மாற்றமடைந்து கருக்கக்கூடியவை. ஆகவே, பழுதைத் தோல் நிறத்தால் மூடிக்கொண்ட ஒருவர் அதை லேசரால் நீக்க முனைந்தால், பழைய பழுதைவிடக் கரிய ஒரு திட்டோடு திரும்ப நேரிடலாம் என்பதால், மருத்துவர்கள் முதலில் ஒரு சிறு இடத்தில் மட்டும் ஒளி பாய்ச்சிச் சோதித்த பின்னரே மேற்செல்கின்றனர்.