அலரி மாளிகையின் பூ எது?

பத்திரிகைத் தொழிலில் நான் காலடி எடுத்து வைத்தது 1995ஆம் ஆண்டில். கலைப்பட்டம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து வெளிவந்த தமிழ் நாளேடு ஒன்றில் சேர்ந்தபோது எனக்குத் தரப்பட்ட முதல் வேலை மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வந்து குவியும் அறிக்கைகளைத் தமிழாக்கி, பக்கத்தை மூடுவதற்கு முன்னர் கொடுத்துவிட வேண்டும். “அலரி மாளிகையில் நேற்று நடைபெற்ற வைபவத்தில்” என்ற தொடரை எத்தனை நூறு தடவைகள் எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

எங்கள் அலுவலகத்தில் வயது முதிர்ந்த ஒப்புநோக்காளர் ஒருவர் இருந்தார். வடமராட்சிக்காரர். எழுத்துப் பிழையைவிடப் பொருட்பிழையைப் பிடிப்பதிலேயே அவருக்கு ஆர்வம் அதிகம். ஒருநாள் இரவு என்னை அழைத்து அச்சுப்படியைக் காட்டினார்.

“தம்பி, எங்கடை வேலியிலை நிக்கிற அலரிதானோ பிரதமருக்கு மாளிகையானது?”

“சிங்களத்திலை அரலிய. தமிழிலை அலரி. சரிதானே அண்ணை?”

“சத்தம் சரி. பூதான் பிழை.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கொள்ளுப்பிட்டியில் காலி வீதியை நோக்கி நிற்கும் அந்த வீட்டிற்கு ஆங்கிலத்தில் ‘டெம்பிள் ட்ரீஸ்’ என்று பெயர். வளவில் நின்ற மரங்களால் 19ஆம் நூற்றாண்டில் ஏற்பட்ட பெயர் அது. விகாரைகளின் முற்றங்களில் வளர்க்கப்பட்டு, பூ புத்தருக்குப் படைக்கப்படுவதனால் வெள்ளையர்கள் அந்த மரத்தைக் கோயில் மரம் என்றனர். சிங்களத்தில் அரலிய. தடித்த கிளை, உடைத்தால் பால், கோடையில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு எலும்புக்கூடு போல நிற்கும் மரம், வெள்ளை இதழ் ஐந்து, நடுவில் மஞ்சள். தாவரவியலாளர்களுக்கு அது புளுமேரியா. சார்ல்ஸ் புளுமியர் என்ற பிரெஞ்சுத் துறவியின் நினைவாக இடப்பட்ட பெயர்.

தமிழில் அலரி என்றால் அது வேறு செடி. ஒடுங்கிய நீண்ட இலையும் செந்நிறப் பூவும் கொண்டு வேலியோரம் நிற்பது. செவ்வலரி, வெள்ளலரி என்று பூசைக்குப் பறிப்போம். மஞ்சள் அலரி என்பது இன்னொன்று. சிங்களத்தில் கனேரு. அதன் நஞ்சினால் 1980கள் தொடக்கம் வடக்கில் நேர்ந்த உயிரிழப்புகளை மருத்துவ ஏடுகள் விரிவாகப் பதிவு செய்துள்ளன. ஆக, ஒரே பத்திரிகையின் முதற் பக்கத்தில் பிரதமரின் வாசஸ்தலமும் உட்பக்கத்தில் வைத்தியசாலைச் செய்தியில் வரும் நச்சுச் செடியும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொண்டன. வாசகர் எவரும் குழம்பியதாகத் தெரியவில்லை. மாளிகையின் பெயரில் உள்ள பூவை யாரும் பூவாக நினைப்பதில்லை போலும்.

அன்று முதல் பல ஆண்டுகளாக, மொழிபெயர்ப்புப் பிழைக்கு உதாரணம் கேட்கும் இளைய நிருபர்களுக்கெல்லாம் அலரி மாளிகையைத்தான் நான் சொல்லி வந்தேன். பின்னர் வேறொரு சொல்லைத் தேடிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டியபோது ‘ஈழத்தலரி’ என்ற பதிவு கண்ணிற்பட்டது. பொருள்: சாட்சாத் அந்த அரலிய மரமேதான். மலையாளத்தில் அதனை ஈழச்செம்பகம் என்கிறார்கள். மரத்தின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியர் கப்பலேறிய பின்னரே இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் கடலுக்கு அப்பால் இருந்தவர்கள் அதனை ஈழத்துப் பூவாகவே அறிந்திருக்கிறார்கள். தங்களுக்குத் தெரிந்த அலரியையும் செம்பகத்தையும் அடிப்பெயராக வைத்து, முன்னால் எங்கள் நாட்டின் பெயரைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஆகவே அலரி மாளிகை என்பதை முழுப் பிழை என்று ஒதுக்கிவிட இப்போது எனக்கு மனம் இல்லை. ஈழத்தைத் துறந்துவிட்டு அலரியை மட்டும் வைத்துக்கொண்ட பெயராகவே அதனைப் படிக்கிறேன். பிரதமரின் வாசலில் ‘ஈழத்தலரி மாளிகை’ என்று எழுத 1995இல் எந்த ஆசிரியர் துணிந்திருப்பார் என்பது வேறு கதை! இந்தச் செய்தியைச் சொல்வதற்கு அந்த ஒப்புநோக்காளர் அப்போது உயிருடன் இல்லை.

இதனை நான் எழுத நேர்ந்ததற்குக் காரணம் இன்னொரு பூ. அந்த விடயத்தில் தவறு மொழிபெயர்ப்பில் நடக்கவில்லை. படத்தில் நடந்தது. அதில் எனக்கும் பங்குண்டு.

போயா தினங்களில் அநுராதபுரத்திலோ கண்டியிலோ பூக்கடைகளின் முன்னால் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். காம்புடன் அறுத்து, நீர் தெளித்து, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். சிங்களத்தில் அவற்றுக்கு மூன்று பெயர்கள்: நெலும், ஓலு, மானெல். தமிழிலும் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கும் 99 பூக்களுள் தாமரை, ஆம்பல், குவளை, நெய்தல் என்று நான்கு நீர்ப்பூக்களும் தனித்தனியே வருகின்றன. சுனையாடிய பெண்கள் பறித்துப் பாறையில் குவித்த பூக்கள் அவை. பறித்த பூவைப் பெயர் சொல்லிப் பிரித்தறிவது அக்காலத்தவருக்குச் சாதாரண அறிவாக இருந்திருக்கின்றது. நாங்களோ ஆங்கிலத்தில் ‘லிலி’ என்று எதனைக் கண்டாலும் அல்லி என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறோம். மலர்வளையத்தில் செருகும் வெள்ளை லிலிக்கும் குளத்து அல்லிக்கும் ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு உறவில்லை. பைபிளைத் தமிழாக்கியவர்கள் லீலிபுஷ்பம் என்று எழுதியதைச் சிலர் கேலி செய்வதுண்டு. என் பார்வையில் அவர்கள் எங்களைவிட நேர்மையானவர்கள்.

பிரித்தறிவது அவ்வளவு கடினமும் அன்று. தாமரையின் இலை நீருக்கு மேலே எழுந்து நிற்கும், இலையில் வெட்டு இருக்காது, பூவின் நடுவில் பொகுட்டு இருக்கும். மற்றவற்றின் இலை நீரில் மிதக்கும், காம்பு வரையில் ஒரு பிளவு ஓடும். ஓலு இரவில் விரிவது, அதன் இலையோரம் பல் பல்லாக இருக்கும். அதுவே எங்கள் ஆம்பல். மானெல் பகலில் விரிவது. நாட்டு மானெலின் நிறம் வெளிர் நீலம், சில குளங்களில் ஏறக்குறைய வெள்ளை. இதழ்களும் அதிகமில்லை. குவளை, நெய்தல், நீலோற்பலம் என்று தமிழ் இலக்கியம் பேசும் பெயர்களுள் எது எந்தப் பூவுக்கு உரியது என்பதில் தாவரவியல் கற்ற தமிழறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதனுள் நான் நுழையவில்லை.

இந்த நாட்டுச் செடிகளுக்குப் பெயரெழுதும் வேலை ஒல்லாந்தர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1670களில் கிழக்கிந்தியக் கம்பனியின் மருத்துவராக இங்கு பணியாற்றிய போல் ஹெர்மன், செடிகளை உலர்த்தி ஒட்டி, பக்கத்தில் சிங்களப் பெயர்களையும் குறித்து வைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகளின் பின்னர் அத்தொகுப்பு லின்னேயஸின் கைக்குப் போய், 1747இல் ‘ஃப்ளோரா செய்லானிக்கா’ என்ற நூலாக வெளிவந்தது. ஹெர்மனின் ஏடுகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1824இல் அலெக்சாந்தர் மூன் வெளியிட்ட பட்டியலிலும் சிங்களப் பெயர்கள் உண்டு. 1893 முதல் வெளிவந்த ஹென்றி ட்ரைமனின் கைந்நூலில் தமிழ்ப் பெயர்களும் இடம்பெற்றன. இவர்கள் எல்லோரும் பெயரைச் செடிக்குப் பக்கத்தில் வைத்து எழுதினார்கள். செடி கையில் இருந்தது, பெயர் சொல்ல ஊரவர் ஒருவர் எதிரில் இருந்தார்.

1986ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி நீல மானெல் இலங்கையின் தேசிய மலராகப் பிரகடனப்படுத்தப்பட்டபோது நான் பாடசாலை மாணவன். சிகிரியா ஓவியப் பெண்களின் கையில் இருப்பது இந்தப் பூவே என்று காரணம் கூறப்படுவது வழக்கம். தமிழில் நீலோற்பலம் என்றார்கள். நீல அல்லி என்றும் வந்தது. சிலர் ‘நீலத் தாமரை’ என்று எழுதித் தாமரைக்கே நீல நிறம் பூசினார்கள். தாவரவியற் பெயரை அன்று பலரும் நிம்ஃபேயா ஸ்டெல்லாட்டா என்றே எழுதினர். 1768இல் பர்மன் இட்ட நிம்ஃபேயா நௌசாலி என்ற பெயரே இப்போது வழங்குகின்றது.

1998இல் சுதந்திர தினச் சிறப்பிதழுக்காகத் தேசியச் சின்னங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். பொன்விழா ஆண்டு என்பதனால் முழுப் பக்கம், வர்ணப் படங்கள். தேசிய மலருக்குப் புகைப்படப் பிரிவில் ஒரு படம் இருந்தது. அடர்ந்த ஊதா நிறம், நிறைந்த இதழ்கள். கண்ணைப் பறிக்கும் அழகு. அதனையே போட்டோம்.

பத்து நாட்கள் கழித்து ஒரு தபாலட்டை வந்தது. ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். படத்தில் உள்ளது எங்கள் குளத்து மானெல் அன்று, வளர்ப்புக்காக வெளியிலிருந்து வந்த இனத்தின் சாயல் அதில் இருக்கின்றது, இதழையும் நிறத்தையும் பார்த்தாலே தெரியும், திருத்தம் வெளியிடுவீர்களா என்று கேட்டிருந்தார். போர்ச் செய்திகள் பக்கங்களை நிறைத்திருந்த காலம். வெடிகுண்டும் சுற்றிவளைப்பும் நடக்கையில் பூவிதழ் எண்ணும் ஒருவரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. தபாலட்டையை மேசை லாச்சிக்குள் போட்டேன். பிரசுரிக்கவில்லை. பதிலும் எழுதவில்லை.

2010களில் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் முடிவுகள் வெளிவந்தபோது அந்த அட்டை நினைவுக்கு வந்தது. இந்நாட்டில் தேசிய மலர் என்று பரவலாக எண்ணப்பட்ட, பல வெளியீடுகளிலும் படமாக இடம்பெற்ற அந்த ஊதாப் பூ நாட்டு இனமே அன்று, அது ஒரு கலப்பினம் என்று அவர்கள் நிறுவியிருந்தார்கள். அலங்காரத்துக்காகக் கொண்டுவரப்பட்டவை குளங்களுக்குள் பரவி, நாட்டு இனத்துக்கே அச்சுறுத்தலாகிவிட்டன. இந்த நாட்டுக்கு இது புதிய அனுபவமும் அன்று. அழகுக்காக வந்த இன்னொரு நீர்ப்பூவான ஆகாயத் தாமரையை அடக்குவதற்கு 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. வேறுபாடு என்னவென்றால், ஆகாயத் தாமரையை எதிரி என்று எல்லோருக்கும் தெரியும். ஊதா மானெலை நாங்கள் தேசிய மலர் என்று பாடப்புத்தகம் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தோம். பிள்ளை குளத்தில் வெளிர்நீலப் பூவைக் கண்டால், படத்தில் உள்ளது போல இல்லையே என்றுதான் நினைக்கும். பெயர் வந்தவனிடம் போய்விட்டது. உரியவன் பெயரில்லாமல் நிற்கிறான்.

லாச்சியில் இருந்த தபாலட்டையைத் தேடினேன். அலுவலகம் இரண்டு தடவைகள் இடம் மாறியிருந்தது. கிடைக்கவில்லை. ஆசிரியரின் ஊர் நினைவிருந்தது, பெயர் நினைவில்லை. பூவின் பெயருக்காக எழுதியவரின் பெயரையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

கடந்த ஆண்டு அநுராதபுரத்துக்குப் போயிருந்தபோது பூக்கடையொன்றின் முன்னால் நின்றேன். கடைக்கார அம்மா தந்த கட்டில் எட்டுப் பூக்கள். ஏழு அடர் ஊதா. ஒன்று மட்டும் சற்றுச் சிறியது, வெளிர் நீலம், இதழ் குறைவு. இரண்டுக்கும் பெயர் என்ன என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். இரண்டும் மானெல்தான் மாத்தயா என்றார். அந்த வெளிர் நீலத்தை எடுத்துக் காட்டி, இது எந்தக் குளத்துப் பூ என்று கேட்டேன். அது வாடிப் போனதாக்கும் என்று சொல்லி, அதனை எடுத்து ஒரு பக்கம் போட்டுவிட்டு நல்ல ஊதாப் பூ ஒன்றைச் செருகித் தந்தார்.